பேட்டரியை மாற்றும் முன் வயரை அறுத்துப் பாருங்கள்

என்னுடையது பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான பாய்மரப் படகு. ஃபைபர் உடல், அலுமினியப் பாய்மரம், 12 வோல்ட் மின்சாரம். பல கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. படகு வாங்குகிறவர்கள் பாயை விரித்துப் பார்ப்பார்கள், உடலைத் தட்டிப் பார்ப்பார்கள், எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுப்பார்கள். வயரிங் என்று வரும்போது மட்டும் சுவிட்சைப் போட்டு விளக்கு எரிந்தால் போதும், அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். என் படகிலும் எல்லா விளக்கும் எரிந்தன. அந்த வயரிங்தான் ஒரு பருவம் முழுவதையும், இரண்டு புது பேட்டரிகளின் விலையையும், ஒரு ரேடியோவின் விலையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. துணைக்கு ஆள் இல்லாமல் கேபினுக்குள் தவழ்ந்து தவழ்ந்து தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இதில் பாதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் ஒரு பாய் புதிதாகத் தைத்திருப்பேன்.

முதலில் கோளாறு காட்டியது ரேடியோ. படகுகள் கடலில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும். நான் பேச பொத்தானை அழுத்தினால் திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பேச முடிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் போகும்போது முடியவில்லை. பிறகு யோசித்தால், நோயின் பெயரே இந்த வித்தியாசத்தில்தான் எழுதியிருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ரேடியோ அரை ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும். 25 வாட்டில் அனுப்பும்போது ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தை 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதால் வழியில் இரண்டரை வோல்ட் தொலைந்தாலும் ரேடியோவுக்கு மிச்சம் கிடைக்கிறது. பேட்டரி மட்டும் இருக்கும்போது கிடைப்பதில்லை. ஆக, குறைவாக இழுக்கும்போது நன்றாக இருந்து, அதிகமாக இழுக்கும்போது படுத்துவிடும் எந்தக் கருவியைப் பார்த்தாலும் கருவியை விட்டுவிட்டு அதற்குப் போகும் வழியைச் சந்தேகப்படுங்கள்.

அப்போது இதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. படகுகளுக்கு மின்வேலை செய்கிற ஒருவரை அழைத்தேன். அவர் பேட்டரியில் மீட்டரை வைத்தார், பேட்டரியின் வயதைக் கேட்டார், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். மாற்றினோம். முதல் வாரம் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. புது பேட்டரிக்கு அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்பதால் வந்த தோற்றம் அது. அப்புறம் பழைய கதையே. இரண்டாவது முறை வந்த இன்னொருவர் ரேடியோவின் பின்னால் இருந்த வயரில் மீட்டரை வைத்தார். 12.4 காட்டியது. "கரண்ட் சரியா வருது, செட்டுதான் கோளாறு." புது ரேடியோ வந்தது. அதுவும் பொத்தானை அழுத்தியதும் அணைந்தது. அந்தச் சாயங்காலம் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. புது ரேடியோவின் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு செலவழித்த பின் படகை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பயம் பிடித்தது அதற்குப் பிறகு ஓர் இரவு. கரைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. பக்கவிளக்குகளைப் போட்டுவிட்டு முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தால், சிவப்பும் பச்சையும் மங்கிப்போய், பழுத்த மஞ்சள் கலந்த ஏதோ ஒரு நிறத்தில் இருந்தன. கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்கவிளக்குகள் குறைந்தது ஒரு கடல்மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். என்னுடையது எதிரே வருகிறவர் கண்ணுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். இழை பல்புகளில் அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். எல்இடி விளக்குகள் வேறு ரகம். உள்ளே இருக்கும் மின்சுற்று, அழுத்தம் குறைந்தாலும் வெளிச்சத்தைச் சமாளித்துக்கொண்டே வந்து, ஓர் அளவுக்குக் கீழே போனதும் மினுக்கவோ அணையவோ செய்யும். எல்இடிக்கு மாற்றினால் விளக்குப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் சொல்வது உண்மைதான். இழுக்கும் மின்சாரம் குறைவதால் கெட்ட வயரும் நல்ல வயர் போல நடித்துவிடும். வயரின் நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

மறுநாள் நானே மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மின்சாரம் ஓடாத வயரில் மீட்டர் வைத்துப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. முப்பது இழைகளில் இருபத்தொன்பது அழிந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும், மீட்டர் பேட்டரியின் முழு அழுத்தத்தையும் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். வயரைச் சோதிக்க வேண்டுமானால் அதில் சுமை ஏற்ற வேண்டும். ரேடியோவை வைத்தே சோதிக்கலாம் என்றால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவசர அலைவரிசையில் அப்படிச் செய்வது பெரிய தொல்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய கார் முகப்பு விளக்கின் 55 வாட் பல்பை எடுத்து, இரண்டு வயர் இணைத்து, ரேடியோவுக்கு வரும் வயரின் முனையில் மாட்டினேன். அது நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கையைச் சுட்டுவிடும், குஷனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதை விட்டால் இதைவிட நேர்மையான சோதனைக் கருவி கிடையாது.

பல்பு எரியும்போது பேட்டரி முனைகளில் 12.5. பல்பின் முனைகளில் 10.4. இரண்டுக்கும் நடுவில் 2.1 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. நல்ல நிலையில் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏழு மில்லி ஓம் தடைதான் காட்டும். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு நாலு மீட்டர், திரும்பி வர நாலு மீட்டர், கணக்குப் போட்டால் கால் வோல்ட்தான் இழக்க வேண்டும். படகுகளுக்கான அமெரிக்கத் தர விதிகளை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பு, வழிவிளக்கு, ரேடியோ போன்ற முக்கியமான சுற்றுகளில் மூன்று சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்கிறது. மற்றவற்றுக்குப் பத்து சதவீதம். 12 வோல்ட்டில் மூன்று சதவீதம் என்றால் 0.36. என் படகில் அதைப்போல ஆறு மடங்கு தொலைந்துகொண்டிருந்தது.

அந்த 2.1 வோல்ட்டைத் தேடும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையில் நீளமான வயர் ஒன்றைச் சேர்த்து அதை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பிடித்து வையுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும். மறு முனையை ஃபியூஸுக்குப் பின், சுவிட்சுக்குப் பின், வயரின் கடைசியில் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். மீட்டர் காட்டுவது அதுவரை தொலைந்த அழுத்தம். எங்கே எண் திடீரென்று குதிக்கிறதோ அங்கே திருடன். என் பாசிட்டிவ் பக்கம் முழுவதும் சேர்த்து அரை வோல்ட்தான். அதில் பாதி ஃபியூஸ் பிடிப்பானில். மிச்சம் 1.6 வோல்ட் நெகட்டிவ் பக்கம். வந்து பார்த்த இருவருமே நெகட்டிவ் பக்கம் போகவில்லை. மின்சாரம் போவதற்கு ஒரு வழி வேண்டும் என்றால் திரும்பி வருவதற்கும் அதே அளவு நல்ல வழி வேண்டும். ஆனால் எல்லோர் கண்ணும் சிவப்பு வயர் மேலேயே இருக்கிறது. சுவிட்சும் ஃபியூஸும் சிவப்பில்தானே இருக்கின்றன.

நெகட்டிவ் வயர்கள் எல்லாம் கேபினுக்கு இறங்கும் படிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் திருகுப் பட்டையில் கூடின. மேல்தட்டிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும் இடம் அது. திருகுகள் துருப்பிடித்து, சுற்றிலும் பச்சைப் பொடி. இதுதானே, சுரண்டித் துடைத்துவிட்டால் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். வயரைக் கழற்றி முனையில் ஒரு விரல் நீளத்துக்கு உறையை உரித்தேன். உள்ளே செம்பு இல்லை, கரி இருந்தது. அதை வெட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் உரித்தேன், அங்கேயும் கறுப்பு. ஒரு முழம் வெட்டியும் கறுப்பு தீரவில்லை. வெளியே உறை புத்தம்புதிது போலப் பளபளத்தது. வயிற்றைக் கலக்கியது அதுதான்: வெளியிலிருந்து பார்த்து எந்த வயர் நல்லது, எந்த வயர் கெட்டது என்று சொல்லவே வழியில்லை.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. தெறித்த நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். எனவே உப்பு ஒருமுறை பட்ட இணைப்பு உண்மையில் காய்வதே இல்லை. அந்த ஈரம் வயரின் முனையில் பட்டால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, மெல்லிய இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதை உறைக்குள்ளே இழுத்துக்கொண்டு போகும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சைக் களிம்பு ஏறும். இதோடு நேர்மின்சாரமும் சேர்ந்துகொண்டால், ஈரத்தின் வழியாகச் சிறு கசிவு ஓடி, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பை வேகமாகக் கரைத்துவிடும். என் படகில் அந்த அழுகலைத் தொடங்கிவைத்தது, வீட்டு வேலைக்கான சாதாரணச் செம்பு வயரையும் இன்சுலேஷன் டேப்பையும் வைத்து யாரோ செய்த பழைய வேலை.

களிம்பைக் கரைக்க வினிகரில் உப்பைக் கலந்து வயர் முனையை முக்கி எடுக்கச் சொல்லும் குறிப்பு ஒன்று பரவலாகச் சுற்றுகிறது. செய்து பார்த்தேன். கண்ணெதிரே கறுப்பு கரைந்து செம்பு ரோஜா நிறத்தில் மின்னியது, மாயம் போலத்தான் இருந்தது. சில வாரங்களில் முன்னைவிடப் பச்சையாகிவிட்டது. அமிலமும் குளோரைடும் இழைகளுக்கு நடுவே தங்கிவிடுகின்றன, எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போவதில்லை. கரைக்கு வரும்வரை சமாளிக்க அது உதவும். பழுதுபார்த்துவிட்டோம் என்று கணக்கில் எழுதாதீர்கள். வெட்டிக்கொண்டே போய்ப் பளிச்சென்ற செம்பு வந்தால் அங்கிருந்து புது முனை போடலாம். ஒரு முழம் போயும் வரவில்லை என்றால் அந்த வயருக்கு முழுக்குப் போட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு விஷயம், ஃபியூஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு. ஃபியூஸ் அளவுக்கு மீறிய மின்சாரத்தைத்தான் தடுக்கும். களிம்பு ஏறிய இணைப்பு மின்சாரத்தைக் குறைக்கிறது, கூட்டுவதில்லை. அதனால் ஃபியூஸ் சும்மா இருக்கும், இணைப்பு மட்டும் சுட்டுக்கொண்டிருக்கும். ரேடியோ அளவுக்குச் சின்ன சுமையில் ஏழெட்டு வாட் வெப்பம்தான். நங்கூரம் தூக்கும் மோட்டார் 80 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் நாலு வோல்ட் தொலையும், 320 வாட் வெப்பம் அந்த ஒரே போல்ட்டில் உண்டாகும். என் படகில் அந்த மோட்டார் வயரின் முனையில், போல்ட்டில் மாட்டும் உலோக லக்கைச் சுற்றியிருந்த உறை உருகிப் பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, முழுவதையும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

வாங்கியது வெள்ளீயம் பூசிய செம்பு வயர். ஒவ்வொரு மெல்லிய இழையும் தனித்தனியாகப் பூசப்பட்டு வெள்ளி நிறத்தில் இருக்கும், சாதாரண வயரைவிட விலை அதிகம். அது சாகாவரம் பெற்றதல்ல, முனை திறந்து கிடந்தால் அதுவும் கெடும். ஆனால் ஈரம் செம்பை அடைய முதலில் வெள்ளீயத்தைத் தாண்ட வேண்டும். இழைகள் எவ்வளவு மெல்லியதாகவும் நிறையவும் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது, ஓயாத ஆட்டத்தில் தடித்த கம்பி ஒடிந்துவிடும். வயரை அளக்கும்போது போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் கூட்டி, மூன்று சதவீதக் கணக்கைப் போட்டு, வருவதற்கு ஒரு அளவு மேலே எடுங்கள். இதில் எரிச்சலூட்டியது பணக் கணக்கு. தேவையில்லாமல் மாற்றிய பேட்டரிகளுக்கும் ரேடியோவுக்கும் கொடுத்த பணத்தில் படகு முழுவதற்கும் இந்த நல்ல வயர், லக்குகள், லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் நல்ல கிரிம்ப் கருவி எல்லாம் வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும்.

வயர் வாங்குவது சுலபம், இழுப்பதுதான் வேலை. படகைக் கட்டியவர்கள் முதலில் வயரைப் போட்டுவிட்டு அதன் மேல் அலமாரி, படுக்கை, கூரைப்பலகை எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். ஒரு விளக்கு வயரை அடைய மூன்று பலகைகளைக் கழற்ற வேண்டும், அதில் ஒன்றின் திருகு இன்னொன்றுக்குப் பின்னால் இருக்கும். ஒரு கையை மட்டும் நீட்ட முடிகிற பொந்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணில் வியர்வை இறங்க, விரல் நுனியில் தடவிப் பார்த்துத் திருகைத் தேடிய பொழுதுகள் அதிகம். முழங்கால் தோல் உரிந்தது. நடுவில் பல வாரங்கள் படகின் பக்கமே போகவில்லை. இந்த வேலைக்கு ஆகும் நேரத்தை உங்கள் மனசு ஒரு கணக்குச் சொல்லும். அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய வயரை உருவும்போது அதன் வாலில் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டி உருவுங்கள், புது வயரை அந்தக் கயிற்றால் இழுக்கலாம். புது வயரோடு கூடவே இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து அங்கேயே விட்டுவிட்டால் அடுத்தமுறை கஷ்டமில்லை. எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். இரண்டு முனையிலும் பெயர் எழுதி, அதன் மேல், சூடாக்கினால் சுருங்கி இறுகும் நிறமில்லாத சுருங்கு குழாயைப் போட்டுவிடுங்கள்.

பாய்மரத்துக்குள் போகும் வயரில்தான் என் பொறுமை முழுக்க எரிந்தது. பாய்மரத்தை நிறுத்தி வைத்தபடியே இழுத்துவிடலாம் என்று படகுத்துறையில் பலரும் சொன்னார்கள். பழைய வயரும் கயிறும் சேர்ந்த முடிச்சு பாதி உயரத்தில் எதிலோ மாட்டி, அறுந்து, கயிறு கீழே விழுந்தது. கடைசியில் கிரேன் வைத்துப் பாய்மரத்தை இறக்க வேண்டியதாகிவிட்டது. வேறு காரணத்துக்காக பாய்மரம் கீழே இறங்கும் நாள்வரை இந்த ஒரு வயரைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் முடிவு. அதுவரை மேல்தட்டு உயரத்தில் இருக்கும் பக்கவிளக்குகளையும் பின்விளக்கையும் நல்லபடி வைத்திருந்தால் பாயில் போகச் சட்டப்படி அதுவே போதும். உச்சியில் வைக்கும் மூவர்ண விளக்கு, அதாவது பக்கவிளக்குகளும் பின்விளக்கும் ஒரே கூட்டில் உள்ள விளக்கு, 20 மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகுகளுக்கு ஒரு மாற்று வசதி மட்டுமே, எஞ்சினில் போகும்போது அதைப் போடவும் கூடாது. பாய்மரத்தின் அடியில், மேல்தட்டில் வைக்கும் பிளக் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். அலை தண்ணீர் நிற்கும் இடத்தில் போய் இணைப்பை வைக்கிறோம். நான் அதைத் தூக்கிவிட்டு, கழுத்து வளைந்த குழாய் வழியாக வயரை உள்ளே இறக்கி, கேபினுக்குள் உலர்ந்த இடத்தில் இணைப்பைப் போட்டேன். வயர் மேலிருந்து தன் எடையில் தொங்காதபடி உச்சியில் கட்டி வைப்பதும் முக்கியம்.

முனை போடும் வேலையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். முழுசாக அழுத்தினால்தான் வாயைத் திறக்கும் ரேச்சட் வகைக் கருவி வேண்டும்; சாதாரணக் குறடால் நசுக்கிய லக் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் வந்துவிடும். லக்கின் நிறம் வயரின் அளவுக்குப் பொருந்த வேண்டும்: சிவப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் நாலிலிருந்து ஆறு வரை. ஒவ்வொன்றையும் போட்டவுடன் பலமாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். இப்போது கழன்று வந்தால் நல்லது, நடுக்கடலில் வருவதைவிட. அதன் மேல் உள்ளே பசை பூசிய சுருங்கு குழாய் போட்டு, இரண்டு ஓரத்திலும் பசை கசிந்து வெளியே வரும்வரை சூடாக்க வேண்டும். ஈரம் உறைக்குள் ஏறாமல் தடுப்பது அந்தப் பசைதான். இந்த ஒரு குழாய்க்காக மட்டும் எந்தக் கஞ்சத்தனமும் கூடாது. சால்டரிங் பற்றிப் படகுக்காரர்களிடையே பெரிய சண்டையே நடக்கும். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் கோட்டில் அதிர்வுக்கு இழைகள் ஒடிகின்றன என்பதால் சால்டர் மட்டுமே பிடிமானமாக இருக்கக் கூடாது என்று தர விதிகளே சொல்கின்றன. நான் கிரிம்ப் பக்கம்.

பழைய இணைப்புகளில் சிலவற்றை யாரோ சிலிக்கான் பசையால் பொதிந்து வைத்திருந்தார்கள். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் குழம்பு. வினிகர் நெடி வரும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், அது நேராகச் செம்பைத் தின்னும். மின் இணைப்புக்குப் பக்கத்தில் அந்த வகையைக் கொண்டுபோகவே கூடாது. டேப்பும் அப்படித்தான், வெளியே தண்ணீரைத் தடுப்பதைவிட உள்ளே போன தண்ணீரைக் காப்பாற்றி வைக்கிறது. திருகுகளை நன்றாக முடுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். முதலில் உலோகம் உலோகத்தோடு சேரட்டும், அதற்கு மேல் கிரீஸ். வயர் இணைப்புக்கு வருவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், வயர் வழியே ஓடி வரும் சொட்டுகள் அந்த வளைவில் விழுந்துவிடும்.

பில்ஜ் பம்ப் வயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்தான் பில்ஜ், பம்பும் மிதவைச் சுவிட்சும் அங்கேதான் இருக்கும், பேட்டரியோடு நேராக இணைந்து எப்போதும் உயிரோடு இருக்கும். என் படகில் அந்த இணைப்பு டேப் சுற்றியபடி தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. பாசிட்டிவ் முனையிலிருந்து உப்புத்தண்ணீர் வழியே மின்சாரம் கசிந்து, அருகில் உள்ள உலோகக் குழாய்கள் வழியே கடலுக்கு இறங்கினால் அது வயரை மட்டும் தின்பதில்லை. இரண்டு உலோகங்கள் சேர்வதால் வரும் சாதாரண அரிப்பைவிட இந்தக் கசிவு அரிப்பு மிக வேகமானது, படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் வெண்கலக் குழாய்களையும், அரிப்பைத் தம்மேல் வாங்கிக்கொள்ள வைக்கும் துத்தநாகக் கட்டிகளையும் கரைத்துவிடும். குழாய் போனால் படகு போகும். இந்த வயரின் இணைப்புகளைத் தண்ணீர் எட்டவே எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கரை மின்சார இணைப்பையும் சோலார் இணைப்பையும் பிரித்துவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். முதலில் பெரிய அளவில் தொடங்கிச் சின்ன அளவுக்கு வாருங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதும் ஏதாவது ஓடினால், எது ஓடுகிறது என்று ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

கரையிலிருந்து வரும் மாறுமின்சாரம் உள்ள படகு என்றால் பலகையைத் திறக்கும் முன் கரைக் கேபிளைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தேன் என்பது போதாது. 12 வோல்ட்டின் நெகட்டிவுக்குக் கறுப்புக்குப் பதில் மஞ்சள் வயர் போடும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. சில நாடுகளில் கறுப்பு என்பது மாறுமின்சாரத்தில் மின்சாரம் பாயும் ஆபத்தான வயரின் நிறம். பேட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பாசிட்டிவ் வயருக்கும் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏபிஒய்சி விதி ஏழு அங்குலம் என்கிறது, உறை போட்ட வயருக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. ஒவ்வொரு ஒன்றரை அடிக்கும் வயரைப் பிடித்துக் கட்டுங்கள்.

கையில் பணம் குறைவு, எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்ற முடியாது என்றால் என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பில்ஜ் பம்ப், அடுத்து எல்லா நெகட்டிவ்களும் கூடும் பட்டை, அதை வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டையாகவே மாற்றி உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு பேட்டரிக் கேபிள்கள், நங்கூர மோட்டார், அதன்பின் வழிவிளக்குகளும் ரேடியோவும். கேபின் விளக்கும் மின்விசிறியும் கடைசிவரை காத்திருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் பல்பை மாட்டி இழப்பை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ரேடியோ வயரில் இப்போது 0.25. ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் அதே பல்பை வைத்து அளக்கிறேன், எண் ஏறியிருந்தால் அந்த இணைப்பைத் திறக்கிறேன்.

ரேடியோவின் ஆன்டெனா கேபிளை மட்டும் இந்தப் பல்புச் சோதனையில் பிடிக்க முடியாது. உச்சியில் இருக்கும் பிஎல்-259 இணைப்பு வழியே நீர் இறங்கினால் கேபிளின் உறைக்கு அடியில் உள்ள செம்புப் பின்னல் கறுத்து, ரேடியோ அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாகிவிடும். மூன்று டெசிபெல் இழப்பு என்றாலே 25 வாட்டில் பாதி போச்சு. அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் நிற்கும் அலை விகிதத்தை அளக்கும் மீட்டர் வேண்டும், அதுகூட நஷ்டமான கேபிளில் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். பாய்மரத்தை இறக்கியிருந்தபோது இணைப்பை வெட்டிப் பார்த்தேன், பின்னல் கறுப்பு. கேபிளையும் முழுசாக மாற்றிவிட்டு, புது இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் சாதாரண டேப்பையும் சுற்றினேன். ரப்பர் டேப் மட்டும் போட்டால் வெயிலில் வெடித்துவிடும்.